'கெட்' என்னும் ஆங்கில வினையும் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்களும்

ஆங்கில–பிரெஞ்சு அகராதி ஒன்றைத் திறந்து, ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் ஒன்றாகிய 'கெட்' என்பதற்குப் பொருள் காண முற்படும் மாணவன் திகைத்து நிற்றல் இயல்பு. பெறுதல், வாங்குதல், கொண்டு வருதல், பிடித்தல், ஆதல், சென்று சேர்தல், ஏறுதல், இறங்குதல், விளங்கிக் கொள்ளுதல், செய்வித்தல் என ஒன்றோடொன்று தொடர்பற்றன போலத் தோன்றும் பொருள்கள் பத்தி பத்தியாக அங்கே நிரல்படுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு பிரெஞ்சு வினை தரப்பட்டிருக்கும். ஆயின் அச்சொல்லைத் தாய்மொழியாகப் பேசும் ஆங்கிலக் குழந்தை இப்பட்டியலை அறியாது. அறியாமலே பிழையின்றிப் பேசுகின்றது. அங்ஙனமாயின் இப்பொருள்கள் யாண்டு உள்ளன? சொல்லில் உள்ளனவா, சொல்லைச் சூழ்ந்த தொடரில் உள்ளனவா, அன்றி அகராதி செய்தார் கையிற் கொண்ட பிறமொழியில் உள்ளனவா? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலச் சொற்களும் பிரெஞ்சுச் சொற்களும் ஒலிப்பு முறையைத் தழுவித் தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன.

1. இரு கொள்கைகள்

இத்தகைய வினைகளைப் பற்றி அறிஞரிடையே இரு கொள்கைகள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. ஒன்று, இவை பொருள் வெறுமையுற்ற சொற்கள் என்பது. மற்றொன்று, இவை அளவிறந்த பொருள்களை ஏற்ற சொற்கள் என்பது.

1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில், தம் உழைப்பைப் பெரிதும் மிகுவித்த ஒரு வினைத்தொகுதியைக் குறித்து வருந்தி எழுதினார். அவற்றின் பொருள் நெகிழ்ந்து பொதுமைப்பட்டது என்றும், வழக்கு வரையறைக்கு அடங்காதது என்றும், முதற்பொருளினின்று நெடுந்தொலைவு விலகிச் சென்றது என்றும் அவர் கூறினார். அவர் பெயர் சுட்டிய வினைகளுள் 'கெட்' என்பதும் ஒன்று. பொருள்களைப் பிரித்து எண்ணிடத் தொடங்கிய எவரும் அவர் வருத்தத்தை உணர்வர். பின்னர் ஆக்சுபோர்டுப் பேரகராதியின் முதற் பதிப்பில் இச்சொல் அடங்கிய பகுதியைப் பதிப்பித்த என்றி பிராட்லி, வரலாற்று முறையில் பொருள்களை வகுத்து, அவை கிளைத்த நெறியைக் காட்டினார். கிளைகள் பல என்பது அதனாலும் மறுக்கப்படவில்லை.

பள்ளிகளில் உரைநடை கற்பிக்கும் ஆசிரியர் பலர் முதற்கொள்கையைத் தழுவுவர். 'கெட்' என்பது சோம்பேறியின் சொல். அதனை நீக்கித் துல்லியமான வினை ஒன்றை அவ்விடத்து அமைக்க என்பது அவர் அறிவுரை. பிரெஞ்சு மொழி ஒவ்வோரிடத்தும் வெவ்வேறு சொல்லை வேண்டி நிற்றலை இவர்கள் தம் கருத்திற்குச் சான்றாகவும் காட்டலாம்.

இவ்விரு கொள்கைகளும் தம்முள் முரணுவன போலத் தோன்றினும் ஒரு தவறு இரண்டிற்கும் பொது. இரண்டும் சொல்லைத் தொடரினின்று பிரித்தெடுத்துத் தனியே நிறுத்திப் பொருள் வினவுகின்றன. வினவியவிடத்து ஒரு சாரார்க்கு ஒன்றும் கிட்டவில்லை. மறு சாரார்க்கு எல்லாம் கிட்டின.

2. பலபொருள் ஒருசொல்

இந்நிலையில் நம் இலக்கண மரபு கூறுவதனை நினைவு கூர்தல் பயனுடைத்து. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவன, வினை வேறுபடாதன என இருவகையாகப் பகுத்தார். முன்னதன் பொருள் வேறுபட்ட வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிவுறும் என்றார். 'மா' என்னும் சொல் காய்த்தது என்னும் வினையொடு வரின் மரமாம். ஓடிற்று என்பதனொடு வரின் விலங்காம். பொருளைத் துணிவிப்பது அச்சொல் அன்று. அதனை அடுத்து நிற்பது என்பது இதனாற் பெறப்படும்.

பிரெஞ்சு நாட்டு மொழியறிஞர் மிசேல் பிரேயால், 1897இல் வெளிவந்த தம் சொற்பொருளியல் நூலில், பலபொருண்மையைக் குறிக்கப் 'பொலிசெமி' என்னும் கலைச்சொல்லை வழங்கினார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பினும் கேட்போர் மயங்காமைக்குக் காரணம், அச்சொல் வரும் சூழலே பிற பொருள்களை முன்னரே விலக்கிவிடுதல் என அவர் விளக்கினார். சார்பு எனத் தொல்காப்பியர் கூறியதும் இதுவே.

எனினும் ஒரு வேறுபாடு ஈண்டு நோக்கத்தக்கது. தொல்காப்பிய நூற்பா பெயர்ச்சொல்லை வினையாற் பிரித்துணரும் முறையைக் கூறுகின்றது. நம் ஆய்வுக்குரியதோ ஒரு வினை. ஆகலின் அம்முறையைத் திருப்பிக் கொள்ளுதல் வேண்டும். 'மா' என்பதன் பொருளை வினை தெரிவித்தல் போல, 'கெட்' என்பதன் பொருளை அதன் பின்னர் வரும் பெயரும், அடையும், இடைச்சொல்லும், எச்சமும் தெரிவிக்கும். மேலும், மரமாகிய மாவிற்கும் விலங்காகிய மாவிற்கும் பொதுப்பண்பு காண்டல் அரிது. 'கெட்' என்பதன் பொருள்களிடையே அத்தகைய பொதுமை உண்டா என்பது வினாவாகவே நிற்கின்றது. அதனை அறியச் சொல்லின் பிறப்பை முதற்கண் காண்போம்.

3. சொல்லின் பிறப்பு

'கெட்' என்பது இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் மொழியினின்று ஆங்கிலத்திற் புகுந்தது. பழைய நார்சு மொழியில் 'கெத்தா' என்னும் வடிவில் அது வழங்கியது. பழைய ஆங்கிலத்திலும் அதன் இனச்சொல் உண்டு. ஆயின் அது பெரும்பாலும் முன்னொட்டுப் பெற்றே வந்தது. இன்றைய 'ஃபர்கெட்', 'பிகெட்' என்னும் சொற்களில் அவ்வினம் எஞ்சியுள்ளது. இவையெல்லாவற்றிற்கும் மூலமாக ஒப்பியலார் கொள்ளும் இந்தோ–ஐரோப்பிய வேர், கைப்பற்றுதல் என்னும் பொருளது.

அதே வேர் இலத்தீன் மொழியில் 'பிரெஹெந்தெரே' என்னும் வினையில் உள்ளது. இவ்விலத்தீன் வினையே பிரெஞ்சில் 'பிராந்த்ர்' எனத் திரிந்து, எடுத்தல், பிடித்தல் என்னும் பொருள்களில் இன்றும் வழங்குகின்றது. எனவே ஆங்கிலக் 'கெட்' என்பதும் பிரெஞ்சுப் 'பிராந்த்ர்' என்பதும் ஒருவயிற்றுப் பிறந்தனவாம். அகராதியில் இவை ஒன்றற்கொன்று நேராக நிற்கும் இடங்கள் சிலவே. ஆயினும் ஓரிடத்தில் இவ்வுறவு வியப்புற வெளிப்படுகின்றது. 'எனக்கு விளங்கிற்று' என்னும் கருத்தை இக்கால ஆங்கிலர் 'ஐ கெட் இட்' என்பர். இதற்குப் பிரெஞ்சு நேர்ச்சொல் 'கொம்பிராந்த்ர்'; அது 'பிராந்த்ர்' என்பதன் முன்னொட்டுப் பெற்ற வடிவம். கைப்பற்றுதலைக் குறித்த 'செசீர்' என்னும் வேறொரு பிரெஞ்சு வினையும் இப்பொருளில் வரும். பழைய ஆங்கிலத்தில் 'ஒன்கியெத்தான்' என்னும் முன்னொட்டு வினை உணர்தல், விளங்கிக் கொள்ளுதல் என்னும் பொருளில் வழங்கி வழக்கிறந்தது. பல நூற்றாண்டுகளின் பின்னர் முன்னொட்டில்லாத 'கெட்' அதே பொருளைப் புதிதாக ஏற்றது. தமிழிலும் ஒரு செய்தி விளங்காதபோது 'பிடிபடவில்லை' என்கின்றோம். கையாற் பற்றுதல் அறிவாற் பற்றுதலாக விரிதல் ஒரு மொழிக்கே உரிய விந்தையன்று என்பது இவற்றால் தெளியப்படும்.

பிறப்பு ஒன்றாயினும் வழக்கு வேறு. 'பிராந்த்ர்' என்பது பற்றுவோன் கையை மறவாமல் நிற்கின்றது. எடுத்தல் என்னும் செயலே அதன்கண் முதன்மை. 'கெட்' என்பதோ கையை மறந்து, கைக்கு வந்த நிலையை மட்டும் பேணிற்று. செயலினின்று விளைவிற்கு நகர்ந்த இந்நகர்ச்சியே பின்வரும் வேறுபாடுகள் அனைத்திற்கும் வாயிலாயிற்று என்பது எம் துணிபு.

4. ஐவகைத் தொடர்கள்

'கெட்' வரும் தொடர்களை அமைப்பு நோக்கி ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வருவது. 'ஐ காட் எ லெட்டர்' என்புழிக் கடிதம் தானே வந்தது. பிரெஞ்சில் 'ரெசெவ்வார்' என்னும் வினை வரும். ரொட்டி செயப்படுபொருளாயின் 'அஷ்தே', அஃதாவது விலைக்கு வாங்குதல், பொருந்தும். அடுத்த அறையினின்று நாற்காலி கொணர்வதாயின் 'அலே ஷெர்ஷே', அஃதாவது சென்று கொணர்தல். வேலையாயின் 'துரூவே', கண்டடைதல். முயன்று பெற்ற இசைவாயின் 'ஒப்தெனீர்'. தடுமனாயின் 'அத்ராப்பே', பிடித்தல். இவ்வாறு பிரெஞ்சு வினை மாறுதற்குக் காரணம் செயப்படுபொருளின் இனமே. கடிதம் அனுப்பப்படுவது, ரொட்டி விற்கப்படுவது, நோய் தொற்றுவது என்னும் உலகியலறிவைப் பிரெஞ்சு தன் வினையில் வைத்துச் சொல்லுகின்றது. ஆங்கிலம் கேட்போனிடம் விட்டுவிடுகின்றது.

இரண்டாவது, பெயரடை வருவது. இங்கு 'கெட்' என்பது ஆதற்பொருட்டாம். ஆதல் என்பதற்குப் பிரெஞ்சில் 'தெவெனீர்' என்னும் பொதுவினை உண்டு. மாணவன் எல்லாவிடத்தும் அதனைப் பெய்து எழுதுவன். இலக்கணப் பிழை நேராது. ஆயின் அது பல இடங்களில் பிரெஞ்சுக்காரர் உரையாகாது. ஏனெனில் பிரெஞ்சு அடையையே வினையாக்கும் ஆற்றலுடையது. முதுமையைக் குறிக்கும் 'வியே' என்பதினின்று 'வியெயீர்', பருமையைக் குறிக்கும் 'குரோ' என்பதினின்று 'குரோசீர்', மெலிவைக் குறிக்கும் 'மேகிர்' என்பதினின்று 'மேகிரீர்' என வினைகள் பிறக்கும். ஆங்கிலம் ஈரிடத்து வைத்த மாற்றத்தையும் மாறிய நிலையையும் பிரெஞ்சு ஒரு சொல்லில் அடக்கிற்று. அகராதியில் இவை 'கெட்' என்பதன் தனித்தனிப் பொருள்களாக எண்ணப்படின் அது பிழை. முதுமையும் பருமையும் அடையின் பொருள்கள். வினையின் பொருள்கள் அல்ல.

மூன்றாவது, இடைச்சொல்லொடு வருவது. பேருந்தில் ஏறுதலும் இறங்குதலும், அறையினின்று வெளியேறுதலும், படுக்கையினின்று எழுதலும் ஆங்கிலத்தில் 'கெட்' என்னும் ஒரே வினையாலும், 'ஆன்', 'ஆஃப்', 'அவுட்', 'அப்' என்னும் இடைச்சொற்களாலும் குறிக்கப்படும். பிரெஞ்சில் முறையே 'மோந்தே', 'தெசாந்த்ர்', 'சொர்த்தீர்', 'செ லெவே' என்னும் வினைகள் வரும். இயக்கத்தின் வழியைச் சில மொழிகள் வினையடியிலும் சில மொழிகள் வினையின் புறத்து நிற்கும் உறுப்பிலும் வைத்துக் கூறும் என அமெரிக்க மொழியியலார் இலெனார்டு தால்மி காட்டினார். பிரெஞ்சு முதல் வகை. ஆங்கிலம் இரண்டாம் வகை. அவர்க்கு முன்னரே 1958இல் வினே, தார்பெல்னே என்னும் இருவரும் பிரெஞ்சு–ஆங்கில ஒப்பீட்டு நடையியல் நூலில் இவ்விடமாற்றத்தை விளக்கியுள்ளனர். ஆற்றை 'நீந்திக் கடந்தான்' என்னும் கருத்தில், ஆங்கில வினையாகிய நீந்துதல் பிரெஞ்சில் அடையாக மாறும். ஆங்கில இடைச்சொல்லின் பொருளாகிய கடத்தல் பிரெஞ்சில் வினையாக மாறும்.

'கெட்' வருமிடத்து இவ்விடமாற்றம் ஒரு புதிரை எழுப்புகின்றது. நீந்துதலுக்கு அடையாக மாறி நிற்க ஒரு பொருள் இருந்தது. வழி முழுவதும் பிரெஞ்சு வினைக்குட் சென்றபின் 'கெட்' என்பதற்கு எஞ்சுவது யாது? பேருந்தினின்று இறங்குமிடத்து ஒன்றும் எஞ்சுவதில்லை. அதனால் முதற்கொள்கையார் வெறுஞ்சொல் என்றனர். ஆயின் தீப்பற்றிய வீட்டினின்று மக்கள் 'காட் அவுட்' எனச் செய்தி வருமாயின், 'வெளியேறினர்' எனப் பொருள்படும் 'சொர்த்தீர்' மட்டும் போதாது. 'ரெயுசீர்' என்னும் வினையைச் சேர்த்து, வெளியேற முடிந்தது, வெளியேறுதல் கைகூடிற்று என மொழிபெயர்த்தல் வேண்டும். இடர் உள்ளவிடத்து வெளிப்பட்டு, இடர் இல்லாதவிடத்து மறைந்து நிற்கும் இப்பொருள் யாது? முடிவு எய்தப்பட்டது என்பதே. வெறுஞ்சொல்லாயின் தீப்பற்றிய வீட்டிலும் அது வெறுஞ்சொல்லாகவே இருந்திருக்கும்.

நான்காவது, இறந்தகால எச்சத்தொடு வருவது. இதன்கண் எழுவாய் செயலுக்கு இலக்காகும். ஐந்தாவது, ஒருவரைக் கொண்டு ஒரு செயலைச் செய்வித்தல். இவ்விரண்டும் தனித்து ஆராயத்தக்கன.

5. பொறுப்பு யாரது?

'ஐ காட் ஹிம் டு லீவ்' என்பது அவன் புறப்படுமாறு யான் செய்தேன் என்னும் பொருட்டு. இதற்குப் பிரெஞ்சில் மூன்று நெறிகளேனும் உள. 'ஃபேர்' என்னும் துணைவினையாற் கூறின் அவனைப் புறப்படச் செய்தேன் என்றாம். ஏவலா, வற்புறுத்தலா, வெறுங்காரணமா என்பது அதனால் விளங்காது. 'கொன்வேங்க்ர்' என்னும் வினையாற் கூறின் அவன் மனம் இசைந்தது என்றாம். 'ஒப்தெனீர்' என்பதனொடு துணைத்தொடர் அமைத்துக் கூறின் அவன் புறப்பாட்டை யான் முயன்று பெற்றேன் என்றாம். ஆங்கிலத் தொடரில் வழி கூறப்படவில்லை. முடிவு மட்டும் கூறப்பட்டது. மொழிபெயர்ப்பாளன் வழியைத் தானே தேர்ந்தாக வேண்டியவனாகின்றான்.

இத்தேர்வு விளையாட்டன்று. 'ஹி காட் அரெஸ்டட்' என்பதனை நோக்குக. 'எத்ர்' என்னும் துணைவினையால் அமைந்த செயப்பாட்டு வாய்பாட்டிற் பெயர்த்தால், அவன் கைது செய்யப்பட்டான் என்னும் செய்தி மட்டும் நிற்கும். 'செ ஃபேர்' என்பதனொடு வினையெச்சம் புணர்த்து 'இல் செ ஃபே அரெத்தே' எனப் பெயர்த்தால், அந்நிகழ்ச்சி அவனைத் தாக்கியது என்னும் குறிப்பும், சிற்சிலவிடத்து அவனே அதனைத் தேடிக் கொண்டான் என்னும் குறிப்பும் தோன்றும். ஆங்கில வடிவத்தைப் பற்றியும் இவ்வினா எழுந்துள்ளது. 'கெட்' வரும் செயப்பாட்டு வினை எழுவாயின் மேற் பொறுப்பை ஏற்றுகின்றதா என இலக்கண அறிஞர் வாதிட்டு வருகின்றனர். இரு மொழியிலும் பொறுப்பு ஒருதலையாக உணர்த்தப்படுவதன்று. வண்டியால் மோதப்பட்ட வழிப்போக்கனையும் பிரெஞ்சுப் பேச்சுவழக்கு 'செ ஃபேர்' என்பதனாலேயே கூறும். எனினும் குறிப்பு எழுதற்கு இடமுண்டு.

கனடா நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கிலமும் பிரெஞ்சும் கூட்டரசின் ஆட்சிமொழிகளாயின. அத்தகைய நாட்டின் நீதிமன்றத்தில் ஒரு சாட்சி, தான் கண்ட சண்டையில் ஒருவன் 'காட் ஹிட்' என்று கூறுவானாயின், உரைபெயர்ப்பாளன் நொடிப்பொழுதில் ஒரு வடிவத்தைத் தேர்தல் வேண்டும். அடிபட்டான் எனலாம், தன்னை அடிக்கச் செய்துகொண்டான் என்னும் நிழல் படிந்த வடிவத்தையும் கூறலாம். சாட்சி அவ்வேறுபாட்டைக் கருதியிருக்கமாட்டான். ஆயின் பெயர்ப்பைக் கேட்போர் அதனைக் கருதக்கூடும். ஒரு மொழி சொல்லாது விட்டதனை மற்றொரு மொழி சொல்லியே தீர வேண்டியதாகும்போது, சொல்லப்பட்டது மூலத்தினது அன்று, பெயர்ப்பினது என்பதனை உணர்த்த அகராதியிற் குறியீடு யாதும் இல்லை. இதுவே நாம் அகராதிகளின் மேற் கூறும் முதற்குறை.

6. 'செ ஃபேர்' என்னும் மறைந்த ஒருமை

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. 'கெட்' என்பதன் கீழ்ச் சிதறிக் கிடக்கும் பிரெஞ்சுச் சொற்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். நேரமாகின்றது என்பதனை ஆங்கிலர் 'இட் இஸ் கெட்டிங் லேட்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'இல் செ ஃபே தார்' என்பர். ஒருவர் முதுமையுறுவதனை 'வியெயீர்' என்பதனாலன்றிச் 'செ ஃபேர் வியே' என்றும் கூறுவர். முடி வெட்டுவித்துக் கொள்ளுதற்கும் 'செ ஃபேர்'. கைது செய்யப்படுதற்கும் 'செ ஃபேர்'. காயமுற்று வருந்துதற்குச் 'செ ஃபேர் மால்'. ஒரு நிலைமைக்குப் பழகிப் போதற்குச் 'சி ஃபேர்', அஃதாவது 'செ ஃபேர்' என்பதே 'இ' என்னும் சொல்லொடு புணர்ந்த வடிவம். இவையனைத்தும் ஆங்கிலத்தில் 'கெட்' வருமிடங்கள்.

அகராதியில் இவை அடைப்பகுதி, எச்சப்பகுதி, மரபுத்தொடர்ப்பகுதி என வெவ்வேறு பத்திகளிற் பிரிந்து கிடப்பதால், கற்போன் இவற்றை ஒருசேரக் காண்பதில்லை. ஆங்கிலத்தின் ஒருமையைச் சிதைத்த அதே பகுப்பு, பிரெஞ்சின் ஒருமையையும் உடன் சிதைத்தது என்க. பிரெஞ்சிலும் பல தொடர்களில் ஊடுருவிச் செல்லும் பொதுவினை ஒன்று உண்டு. அது பற்றுதலைக் குறிக்கும் வேரிற் பிறந்ததன்று. செய்தலைக் குறிக்கும் வினையோடு தற்சுட்டு இணைந்தது. ஆங்கிலம் மாற்றத்தை எய்தப்பட்ட ஒன்றாகக் கூறுமிடத்துப் பிரெஞ்சு அதனைத் தன்னைத் தானே ஆக்கிக் கொள்ளுதலாகக் கூறுகின்றது.

இதனைக் கொண்டு ஆங்கிலர் பொருளீட்டும் இயல்பினர், பிரெஞ்சுக்காரர் ஆக்கும் இயல்பினர் என மக்கட்பண்பு பேசப் புகுதல் தவறு. அத்தகைய முடிபுகள் கேட்க இனியன, சான்றில்லாதன. மொழி வழக்கு வேறு, மக்கள் மனம் வேறு. 'செ ஃபேர்' என்பதன் எல்லையும் சிறிது. கடிதம் பெறுதற்கும் பேருந்தினின்று இறங்குதற்கும் அது வாராது. வினையெச்சத்தொடு வருங்கால் பெரும்பாலும் உயர்திணை எழுவாயையே வேண்டி நிற்கும். சன்னல் உடைந்தது என்பதற்கு ஆங்கிலர் 'கெட்' என்பதனை வழங்குவர். பிரெஞ்சுக்காரர் உடைதலைக் குறிக்கும் வினையையே தற்சுட்டொடு கூறுவர். இரு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை.

இதனை 'நோ' என்னும் மற்றோர் ஆங்கில வினையோடு ஒப்பிடுக. அறிதலைக் குறிக்கும் அவ்வினைக்குப் பிரெஞ்சில் 'சவ்வார்', 'கொனேத்ர்' என இரண்டு சொற்கள் உண்டு. முன்னது செய்தியை அறிதல். பின்னது ஆளையும் இடத்தையும் பழகியறிதல். அங்கே ஒரு நிலம் வரப்பிட்டு இரண்டாகப் பகுக்கப்பட்டது. 'கெட்' என்பதற்கு அத்தகைய வரப்பு இல்லை. ஒரு நிலத்தின் நீர் பல வாய்க்கால்களிற் பரவிச் சென்றது போன்றது அது. முன்னதைப் பாகுபாடு எனலாம். பின்னதைப் பரவல் எனலாம். இரண்டையும் ஒரே அச்சுமுறையில், ஒரே எண்வரிசையில் தருவது அகராதியின் மூன்றாவது குறை.

7. அகராதி செய்வார்க்கு

மேற்கூறியவற்றால், 'கெட்' என்பது பொருளற்ற சொல்லும் அன்று, நூறு பொருள் கொண்ட சொல்லும் அன்று என்பது பெறப்படும். ஒரு நிலை எய்தப்பட்டது என்பதே அதன் பொதுப்பொருள். எந்நிலை என்பதனை அடுத்து வரும் சொல் கூறும். எய்திய வழி யாது, எய்துவித்தவர் யார் என்பன கூறப்படா. கூறப்படாத அவ்விரண்டையும் பிரெஞ்சு தன் வினையில் வைத்துக் கூறுதலின், ஒன்று பலவாகத் தோன்றுகின்றது. எனவே அகராதியில் நாம் எண்ணும் 'பொருள்கள்' பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லின் பொருள்கள் அல்ல. பிரெஞ்சு கேட்கும் வினாக்கள்.

இம்முடிபு புதியதோர் அகராதி முறையை வேண்டுகின்றது. ஒருவகையில் அது பழைய முறையே. எட்டாம் என்றி மன்னரின் உடன்பிறந்தாளாகிய மேரிக்குப் பிரெஞ்சு கற்பித்த ஜான் பால்ஸ்கிரேவ் என்பார், 1530இல் ஆங்கிலேயர்க்கெனப் பிரெஞ்சு மொழிநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் வினைப்பட்டியலில் அவர் தனிவினையைத் தராது, 'நான்' என்னும் எழுவாயொடு கூட்டித் தந்தார். பலவிடத்தும் முழுத்தொடரை ஆங்கிலத்திற் கூறி, அதன் நேர் பிரெஞ்சுத் தொடரை வைத்தார். பின்வந்தோர் இடச்சுருக்கம் கருதித் தொடரைக் களைந்து சொல்லை மட்டும் நிறுத்தினர். சுருங்கியது இடம் மட்டுமன்று.

இவ்வினா நமக்கும் உரியதே. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை 1960களில் வெளியிட்டது. அதன்பின் அப்பணியை மேற்கொள்வோர் அனைவரும் இத்தகைய வினைகளின் முன் நின்று தயங்குதல் உறுதி. தமிழும் பிரெஞ்சைப் போலவே வினாக்களை எழுப்பும் மொழி. ஆயின் வினாக்கள் வேறு. 'கடிதம் பெற்றேன்' என்பதும் 'எனக்குக் கடிதம் கிடைத்தது' என்பதும் தம்முள் வேறு. முன்னதில் பெற்றவன் எழுவாய். பின்னதில் அவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கக் கடிதமே எழுவாயாகின்றது. 'ரெசெவ்வார்', 'ஒப்தெனீர்' என்னும் பிரெஞ்சு வினைகளின் வேறுபாடு இதனொடு ஒத்ததன்று. அடிபடுதல், அகப்படுதல், பிடிபடுதல் என வரும் 'படு' என்னும் துணைவினையின் வீச்சும் 'செ ஃபேர்' என்பதன் வீச்சொடு முற்றும் பொருந்துவதன்று. புதுச்சேரியிலும் பிறவிடத்தும் ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்கும் தமிழ் மாணவன் மூன்று மொழிகளின் வினாக்களுக்கிடையே நிற்கின்றான். அவனுக்குச் சொற்பட்டியல் துணை செய்யாது. தொடர் துணை செய்யும்.

ஆகலின், அகராதி செய்வார் இத்தகைய வினைகளுக்கு மூன்று நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். முதலாவது, பொருளெண்ணால் வகுக்காது தொடரமைப்பால் வகுத்தல். இரண்டாவது, மூலம் கூறாததனைப் பெயர்ப்பு கூறுமிடத்து அதனைக் குறியிட்டுக் காட்டுதல். மூன்றாவது, பெயர்ப்புமொழியில் ஒரே சொல் பல பத்திகளில் வருமாயின் அவ்விடங்களை ஒன்றோடொன்று சுட்டி இணைத்தல். வினையும் இனமும் சார்பும் பொருளைத் தெளிவிக்கும் என்னும் நூற்பாவைப் பாடம் கற்றவர் நாம். அம்மூன்றையும் களைந்துவிட்டுச் சொல்லைத் தனியே நிறுத்தும் அகராதியை நாமே செய்தல் நம் இலக்கணத்தை நாமே மறந்தவாறாகும்.